அணிக்கு ஓர் இனத்தின் பெயரை வைக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜூலையில் அமெரிக்க அதிபர் டிரம்ப், வாஷிங்டன் கமாண்டர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி 'ரெட்ஸ்கின்ஸ்' (செந்தோலர்கள்) என்ற பழைய பெயருக்கே திரும்ப வேண்டும் என்று எழுதினார். திரும்பாவிட்டால் அந்த அணியின் புதிய மைதானத் திட்டத்துக்குக் கட்டுப்பாடு வரலாம் என்றும் சொன்னார். கிளீவ்லேண்ட் பேஸ்பால் அணியையும் விடவில்லை; அதுவும் 'இந்தியன்ஸ்' என்ற பழைய பெயருக்குத் திரும்ப வேண்டும் என்றார். முடிந்துபோனது என்று பலர் நினைத்த விவாதம் மறுபடியும் கிளம்பிவிட்டது. அந்த ஆட்டங்களைப் பார்க்கும் தமிழர்களிடையே இதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரையும் உருவத்தையும் ஓர் அணி எடுத்துக்கொள்ளலாமா என்பதை அந்த மக்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். ரசிகர்களுக்கோ, உரிமையாளருக்கோ, அதிபருக்கோ அந்த உரிமை கிடையாது.

யாருடைய பெயரைப் பற்றிய சண்டை இது?

அமெரிக்கப் பூர்வகுடிகளின் பெயரைப் பற்றியது. பள்ளிப் பாடத்தில் செவ்விந்தியர் என்று படித்தோமே, அவர்கள்தான். மத்திய அரசு அங்கீகரித்த பூர்வகுடி அரசுகள் மட்டும் 570க்கும் மேல் இருக்கின்றன. செரோக்கி, நவாஹோ, லக்கோட்டா, செமினோல், பெனாப்ஸ்காட் என்று ஒவ்வொருவருக்கும் தனி வரலாறும் தனிச் சடங்குகளும் உண்டு. விளையாட்டு மைதானத்திலோ இவர்கள் எல்லோரும் ஒரே ஆள்தான்: தலையில் இறகுக் கிரீடம், முகத்தில் வண்ணப் பூச்சு, கையில் சிறிய கோடரி. தொழில்முறை அணிகளில் வாஷிங்டன், கிளீவ்லேண்ட், அட்லாண்டா, கன்சாஸ் சிட்டி, சிகாகோ ஆகியவைதான் அதிகம் பேசப்பட்டவை. ஆனால் இந்தப் பழக்கம் ஆழமாக வேரூன்றியிருப்பது பள்ளிகளில். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் இத்தகைய பெயர்களை வைத்திருந்தன. பல இன்றும் வைத்திருக்கின்றன.

வாஷிங்டன் அணிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

1932இல் ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷல் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் பாஸ்டன் நகரில் தொடங்கிய அணி அது. முதல் வருடம் அதன் பெயர் 'பிரேவ்ஸ்'. அதே ஊரில் அதே பெயரில் ஒரு பேஸ்பால் அணி ஏற்கெனவே இருந்தது; அவர்களுடைய மைதானத்தில்தான் இவர்களும் ஆடினார்கள். அடுத்த வருடம் மைதானம் மாறியபோது பெயரையும் 'ரெட்ஸ்கின்ஸ்' என்று மாற்றினார்கள். 1937இல் அணி வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தது.

அன்றைய பயிற்சியாளர் லோன் ஸ்டார் டீட்ஸ் ஒரு பூர்வகுடி, அவரைக் கௌரவிக்கத்தான் இந்தப் பெயரை வைத்தார்கள் என்று அணி நிர்வாகம் பல ஆண்டுகள் சொல்லிவந்தது. 1933இல் மார்ஷல் பத்திரிகைக்குச் சொன்னதோ நேர்மாறானது. டீட்ஸும் சில பூர்வகுடி ஆட்டக்காரர்களும் அணியில் இருப்பதற்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை, பேஸ்பால் அணியோடு குழப்பம் வரக்கூடாது என்பதற்காகவே மாற்றினேன் என்றார். போகட்டும், டீட்ஸ் உண்மையிலேயே பூர்வகுடியா என்பதே கேள்விக்குறி. முதல் உலகப்போர் சமயத்தில் ராணுவப் பதிவில் தன்னைப் பூர்வகுடி என்று பொய்யாக எழுதினார் என்ற வழக்கில் 30 நாள் சிறையில் இருந்தவர் அவர்.

மார்ஷல் எப்படிப்பட்டவர் என்பதையும் பார்க்க வேண்டும். லீக்கிலேயே கடைசியாகக் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்த்த அணி அவருடையது. மற்ற எல்லா அணிகளிலும் கறுப்பினத்தவர் ஆடத் தொடங்கிய பிறகும் அவர் மறுத்துக்கொண்டே இருந்தார். அணியின் புதிய மைதானம் மத்திய அரசு நிலத்தில் இருந்தது. பாகுபாடு தொடர்ந்தால் அங்கே ஆட முடியாது என்று கென்னடி அரசின் அமைச்சர் ஸ்டூவர்ட் யூடல் எச்சரித்த பிறகுதான் 1962இல் பாபி மிட்செல் போன்றவர்கள் அணிக்குள் வந்தார்கள். மார்ஷல் தன் உயிலில் ஓர் அறக்கட்டளைக்குப் பணம் ஒதுக்கினார். அதில் ஒரு சல்லிக் காசுகூட இனங்களை ஒன்றுசேர்க்கும் எந்தக் காரியத்துக்கும் போகக்கூடாது என்று நிபந்தனையும் போட்டுவைத்தார். இப்படிப்பட்டவர் வைத்த பெயரைக் 'கௌரவம்' என்று நம்பச் சொல்கிறார்கள்.

'ரெட்ஸ்கின்' அவ்வளவு மோசமான சொல்லா?

ஆரம்பத்தில் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் பூர்வகுடித் தலைவர்களே வெள்ளையரிடம் பேசும்போது தங்களை அப்படிக் குறிப்பிட்டதற்கு ஆதாரம் இருக்கிறது என்று ஐவ்ஸ் காடர்ட் என்ற மொழியியலாளர் காட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தச் சொல் போய்ச் சேர்ந்த இடம்தான் பிரச்சினை. 1863இல் மினசோட்டா மாநிலத்தின் வினோனா நகரப் பத்திரிகையில், கொல்லப்பட்ட ஒவ்வொரு 'ரெட்ஸ்கின்'னுக்கும் மாநில அரசு தரும் வெகுமதி 200 டாலராக உயர்த்தப்பட்டிருக்கிறது என்று செய்தி வந்தது. ஒரு சொல்லின் பிறப்பு எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும், இப்படி ஒரு செய்தியில் புழங்கிய பிறகு அதைப் பனியனில் அச்சடித்து விற்பதற்கு நியாயம் தேட முடியாது.

மரியாதைக்காகத்தானே வைக்கிறார்கள்? வீரம், துணிச்சல் என்று நல்ல விஷயத்தைத்தானே சொல்கிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் மனதாரத்தான் கேட்கிறார்கள். சின்ன வயதிலிருந்து நேசித்த அணி, அப்பாவோடு உட்கார்ந்து பார்த்த ஆட்டம்; அதில் அவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததில்லை. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் காலக்கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 1883இல் அமெரிக்க அரசு பூர்வகுடிகளின் சடங்கு நடனங்களைக் குற்றமாக்கியது. சூரிய நடனம் ஆடினால் ரேஷன் நிறுத்தம், மீறினால் சிறை. குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்து, 1879இல் தொடங்கிய கார்லைல் பள்ளி போன்ற விடுதிப் பள்ளிகளில் சேர்த்து, தலைமுடியை வெட்டி, தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். குடியுரிமை எல்லோருக்கும் சட்டப்படி கிடைத்ததே 1924இல்தான். நடனத் தடையை அரசு கைவிட்டது 1934இல். வாஷிங்டன் அணிக்குப் பெயர் வைத்தது 1933இல். அதாவது, ஒரு லக்கோட்டா முதியவர் தன் ஊரில் தன் சடங்கை வெளிப்படையாகச் செய்ய முடியாத காலத்தில், ஆயிரக்கணக்கான வெள்ளை ரசிகர்கள் அவருடைய வேடத்தைப் போட்டுக்கொண்டு ஆட்டம் பார்க்கலாம் என்ற நிலை இருந்தது. அவருக்குத் தடை, இவர்களுக்குக் கொண்டாட்டம். இதற்கு மரியாதை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கழுகு இறகு விஷயத்தையும் சொல்ல வேண்டும். சமவெளிப் பூர்வகுடிகளிடையே அந்தக் கிரீடம் நினைத்தவர் அணியும் அலங்காரம் கிடையாது. ஒவ்வோர் இறகும் ஒரு செயலுக்காகச் சமூகம் கொடுத்தது. அந்தச் சமூகம் தகுதியுடையவர் என்று ஏற்றவர்தான் முழுக் கிரீடத்தை அணியலாம். மைதான வாசலில் விற்கும் பிளாஸ்டிக் இறகைத் தலையில் சொருகிக்கொண்டு பீர் குடிப்பவரை டிவியில் பார்க்கும் பூர்வகுடிக் குடும்பத்துக்கு எப்படி இருக்கும்? நம் வீட்டில் பூசையறைக்கு உரியதைக் கூத்தடிக்கிற இடத்தில் பார்த்தால் வருமே, அந்தக் கொதிப்புதான்.

பூர்வகுடிகளிலேயே 10இல் 9 பேருக்கு இதில் வருத்தமில்லை என்று கருத்துக்கணிப்பு வந்ததே?

வந்தது. ஒன்று அல்ல, இரண்டு. 2004இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அனன்பர்க் மையம் 768 பேரிடம் கேட்டது; 2016இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் 504 பேரிடம் கேட்டது. இரண்டிலும் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் 'ரெட்ஸ்கின்ஸ்' பெயர் தங்களைப் புண்படுத்தவில்லை என்றார்கள். அணியின் அன்றைய உரிமையாளர் டான் ஸ்னைடர் தரப்புக்கு இவைதான் பெரிய ஆயுதம்.

இரண்டிலுமே தொலைபேசியில் 'நான் பூர்வகுடி' என்று சொன்னவர்களெல்லாம் கணக்கில் வந்தார்கள். அமெரிக்காவில் எங்கோ ஒரு கொள்ளுப்பாட்டி செரோக்கி என்ற குடும்பக் கதையை வைத்து அப்படிச் சொல்பவர்கள் ஏராளம். பழங்குடி உறுப்பினராகப் பதிவுபெற்று, அந்தச் சமூகத்தோடு வாழ்பவரின் குரலும் இவர்களின் குரலும் ஒரே எடையில் வைக்கப்பட்டன. 2020இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூர்வகுடிகளிடம் நடத்திய ஆய்வில் மிச்சிகன் பல்கலைக்கழக உளவியலாளர் ஸ்டெஃபனி ஃப்ரைபர்க் குழுவினர் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் பெயர் புண்படுத்துகிறது என்றார்கள். தங்கள் பண்பாட்டுச் சடங்குகளில் அடிக்கடி கலந்துகொள்பவர்களிடையே அது மூன்றில் இரண்டு பங்காக ஏறியது. வேரோடு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு வலி.

சரி, இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். பூர்வகுடிகள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. 1972இல் அறிமுகமான அந்த அணியின் லோகோவை உருவாக்க உதவியவரே வால்டர் வெட்செல் என்ற பிளாக்ஃபீட் தலைவர். அமெரிக்கப் பூர்வகுடிகளின் தேசியப் பேரவைக்குத் தலைவராக இருந்தவர். அந்தப் பேரவையோ 1968 முதலே இத்தகைய பெயர்களை எதிர்த்து வந்தது. 2014இல் நவாஹோ கவுன்சில் அந்தப் பெயருக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. அதே வருடம் நவாஹோ அதிபர் பென் ஷெல்லி, ஸ்னைடரோடு ஒரே அறையில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார். எந்தச் சமூகத்தில்தான் எல்லோரும் ஒன்றாக யோசிக்கிறார்கள்? அதனால்தான் தொலைபேசியில் அங்கொருவர் இங்கொருவரைப் பிடித்துச் சதவீதம் எடுப்பதைவிட, அந்த மக்கள் தேர்ந்தெடுத்த அரசுகளிடம் முறையாகக் கேட்பதே சரி என்கிறேன். வாஷிங்டன் அணி பெயர் வைக்கும்போது யாரிடமும் கேட்டதில்லை.

ஒரு பெயரால் அப்படி என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?

எனக்கு இதுதான் மொத்த விவாதத்திலும் முக்கியமான கேள்வி. மனம் புண்படுகிறதா இல்லையா என்று வாதாடிக்கொண்டே இருந்ததில் குழந்தைகளை மறந்துவிட்டோம்.

ஃப்ரைபர்க் குழுவினர் 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பூர்வகுடி மாணவர்களுக்கு கிளீவ்லேண்ட் அணியின் சின்னமான 'சீஃப் வாகூ' கேலிச்சித்திரம் போன்ற உருவங்களைக் காட்டினார்கள். மாணவர்கள் பலரும் நல்ல விதமாகத்தான் பேசினார்கள். ஆனால் அளந்து பார்த்தால் அவர்களின் சுயமதிப்பு குறைந்திருந்தது. வருங்காலத்தில் நான் என்னவாவேன் என்று எழுதச் சொன்னால், படிப்பு, வேலை, சாதனை சார்ந்த கனவுகளைக் குறைவாக எழுதினார்கள். அதாவது 'எனக்கு வருத்தமில்லை' என்று சொல்லும் பிள்ளைக்கும் பாதிப்பு இருக்கிறது. ஆய்வாளர்கள் சொன்ன காரணம் எளிமையானது: டிவியிலும் பள்ளியிலும் பூர்வகுடி ஆசிரியரையோ டாக்டரையோ அந்தப் பிள்ளை பார்ப்பது அரிது, திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது கோடரி தூக்கிய பொம்மைதான். அமெரிக்க உளவியல் சங்கம் 2005லேயே இத்தகைய சின்னங்களை உடனே கைவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறது.

இலினாய் பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகப் புரியும். அங்கே 1926 முதல் 'சீஃப் இலினிவெக்' என்றொரு பாத்திரம் இருந்தது. ஒரு மாணவர், வழக்கமாக வெள்ளை இன மாணவர், இறகுக் கிரீடமும் தோலாடையும் அணிந்து ஆட்ட இடைவேளையில் ஓடிவந்து காலை உயர்த்திக் குதித்து ஆடுவார். அரங்கமே எழுந்து நிற்கும். ஆடையோ சமவெளி லக்கோட்டாக்களுடையது. இலினி மக்கள் அவர்களிலிருந்து முற்றிலும் வேறுபட்டவர்கள். அவர்களின் வழிவந்த பியோரியா மக்கள் தங்கள் மண்ணிலிருந்து விரட்டப்பட்டு இன்று ஓக்லஹோமாவில் இருக்கிறார்கள். அந்த நடனம் எந்தப் பூர்வகுடியின் நடனமும் இல்லை.

1989இல் ஸ்போகன் இனத்தைச் சேர்ந்த சார்லின் டீட்டர்ஸ் என்ற ஓவிய மாணவி தன் இரண்டு குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே கூடைப்பந்து ஆட்டம் பார்க்கப் போனார். நடனம் தொடங்கியதும் மகள் யார் கண்ணிலும் படாமல் மறைந்துவிட முயல்வதுபோல இருக்கையில் குறுகிப்போனாள். மகன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். அந்தப் பிள்ளைகளுக்குக் கழுகு இறகு என்றால் எழுந்து நின்று வணங்க வேண்டியது என்று சொல்லி வளர்த்தவர் அவர். அதற்குப் பிறகு மைதான வாசலில் ஒரு பதாகையோடு தன்னந்தனியாக நிற்க ஆரம்பித்தார். திட்டினார்கள், துப்பினார்கள், வீட்டுக்கு மிரட்டல் வந்தது. அவர் நகரவில்லை. 2000இல் பியோரியா மக்களின் அரசே அந்தப் பாத்திரத்தைக் கைவிடச் சொன்னது. கடைசி நடனம் நடந்தது 2007 பிப்ரவரி 21இல். டீட்டர்ஸ் வாசலில் நின்றதிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ 18 வருடங்கள்.

அப்படியானால் 'ஃபைட்டிங் ஐரிஷ்', 'செல்டிக்ஸ்', 'வைகிங்ஸ்' எல்லாம்?

'ஃபைட்டிங் ஐரிஷ்' பெயரில் ஆடும் நோட்டர்டாம் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். அங்கே ஐரிஷ் வம்சாவளியினர் மாணவர்களாகவும் நிர்வாகிகளாகவும் இருந்தார்கள். தங்களைக் கேலிசெய்யச் சொன்ன பெயரைத் தாங்களே எடுத்து மார்தட்டிக்கொண்டார்கள். மினசோட்டாவில் ஸ்காண்டிநேவிய வம்சாவளியினர் நிறைய. 'வைகிங்ஸ்' அவர்களுக்குச் சொந்த முன்னோர் கதை. பெயர் வைத்தவரும் பெயருக்கு உரியவரும் ஒரே வீட்டுக்காரர்கள். அப்புறம், ஐரிஷ்காரரை அமெரிக்காவில் எத்தனையோ வடிவங்களில் பார்க்கிறோம். கென்னடி போன்ற அதிபரே வந்திருக்கிறார். மாஸ்காட் (அணியின் அடையாளப் பாத்திரம்) ஒன்றே அவர்களின் முகமாக இல்லை.

2002இல் வடக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பூர்வகுடி மாணவர்களும் அவர்களின் நண்பர்களும் சேர்ந்து தங்கள் கூடைப்பந்துக் குழுவுக்கு 'ஃபைட்டிங் வொய்ட்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளி அணியின் 'ஃபைட்டிங் ரெட்ஸ்' என்ற பெயருக்கு எதிர்ப்பு அது. கோட்டு சூட்டு போட்ட ஒரு வெள்ளைக்காரர் படத்தைச் சின்னமாக்கினார்கள். வெள்ளையர்கள் கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். பலர் சிரித்தபடி டிசர்ட் வாங்கிப் போனார்கள். அந்தப் பணம் கல்வி உதவித்தொகையாகப் போனது. எல்லா இடத்திலும் தன்னைப் பார்த்துப் பழகியவருக்கு ஒரு கேலிச்சித்திரம் உறைக்காது என்பதை அந்த விற்பனையே காட்டிவிட்டது.

செமினோல் மக்கள் சம்மதித்திருக்கிறார்களே?

ஆமாம். நான் சொல்லும் முறைக்கு அதுவே உதாரணம். 2005இல் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு, பகைமை காட்டும் பூர்வகுடிப் பெயர்களும் சின்னங்களும் வைத்திருக்கும் கல்லூரிகளுக்குத் தன் முக்கியப் போட்டிகளில் கட்டுப்பாடு விதித்தது. அந்தப் பழங்குடியின் சம்மதம் இருந்தால் விலக்கு. ஃபுளோரிடா செமினோல்களின் அரசு ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குத் தீர்மானமாகவே சம்மதம் கொடுத்தது. யூட்டா பல்கலைக்கழகம் யூட் மக்களோடும், சென்ட்ரல் மிச்சிகன் சிப்பேவா மக்களோடும் பேசி விலக்குப் பெற்றன. இருந்தாலும் ஃபுளோரிடாவிலிருந்து விரட்டப்பட்டு ஓக்லஹோமாவில் வாழும் செமினோல்களிடையே எதிர்ப்பு உண்டு.

எல்லா இடத்திலும் இது சுலபமாக முடியவில்லை. வடக்கு டகோட்டா பல்கலைக்கழகத்தின் 'ஃபைட்டிங் சூ' பெயருக்கு, சூ இனத்தின் ஒரு பிரிவான ஸ்பிரிட் லேக் மக்கள் வாக்கெடுப்பில் ஆதரவு சொன்னார்கள். இன்னொரு பிரிவான ஸ்டேண்டிங் ராக் மக்களின் அரசு சம்மதம் தரவில்லை. 2012இல் மாநில மக்களே வாக்களித்து அந்தப் பெயரை ஓய்வுபெற வைத்தார்கள்.

எனக்குப் பிடித்த உதாரணம் சிறியது. வாஷிங்டன் மாநிலத்தில் 'ஸ்போகன் இந்தியன்ஸ்' என்ற பேஸ்பால் அணி இருக்கிறது. அவர்கள் ஸ்போகன் மக்களின் தலைவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். பூர்வகுடி மாஸ்காட் வேண்டாம் என்று முடிவானது. லோகோவைச் சேர்ந்தே வடிவமைத்தார்கள். ஆட்டக்காரர்களின் ஜெர்சியில் ஊர்ப் பெயர் அந்த மக்களின் சாலிஷ் மொழியிலேயே இருக்கிறது.

பூர்வகுடிப் பள்ளிகளே 'ரெட்ஸ்கின்ஸ்' என்று வைத்திருக்கின்றன என்கிறார்களே?

உண்மைதான். அரிசோனாவில் நவாஹோ நிலத்தில் இருக்கும் ரெட் மேசா உயர்நிலைப் பள்ளி அந்தப் பெயரில் ஆடியிருக்கிறது. அங்கே படிப்பவர்கள் நவாஹோ பிள்ளைகள். தன் பிள்ளைகளை எந்தப் பெயரில் அழைக்கலாம் என்பது அந்த ஊரின் முடிவு. அதைக் காட்டி ஒரு கோடீஸ்வரர் உரிமை கேட்க முடியாது.

இலங்கையில் தமிழ் யூனியன், சிங்களீஸ் ஸ்போர்ட்ஸ் கிளப் என்று இருக்கின்றனவே, அவையும் தவறா?

கொழும்பின் கிரிக்கெட் கிளப்புகளான இவை இரண்டும் 1899இல் தொடங்கியவை. பர்கர், மூர், மலாய் சமூகங்களுக்கும் அப்படியே கிளப்புகள் உண்டு. தமிழ் யூனியன் தமிழர்கள் தங்களுக்காகத் தொடங்கி, தாங்களே பெயர் வைத்த கிளப். அந்தக் கால மட்டையாளர் சதாசிவம் ஆடியது அங்கே. முத்தையா முரளிதரனும் அங்கே. இலங்கையின் முதல் டெஸ்ட் 1982இல் நடந்தது அவர்களின் பி. சரவணமுத்து மைதானத்தில். பின்னாளில் ரங்கன ஹேரத் போன்ற சிங்கள வீரர்களும் அந்த கிளப்புக்கு ஆடினார்கள். இதில் யாரும் யாருடைய வேடத்தையும் போடவில்லை, அதனால் அமெரிக்கப் பிரச்சினை இங்கே இல்லை.

சமூகப் பெயரில் அணி பிரிப்பதில் வேறு பிரச்சினை வரலாம். பம்பாயில் இந்துக்கள், பார்சிகள், முஸ்லிம்கள், ஐரோப்பியர்கள் என்று அணி பிரித்து ஆடிய கிரிக்கெட் போட்டி பல பத்தாண்டுகள் நடந்தது. மதத்தின் பேரில் ஆடுவதை காந்தி 1940இல் எதிர்த்தார்; 1946இல் போட்டி நின்றது. இந்து அணியின் மிகச் சிறந்த பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலு தலித். 'இந்துக்கள்' என்று பெயர் போட்ட அணியில் அவருக்குத் தலைமைப் பொறுப்பு தரவே இல்லை. பெயரில் எல்லோரும் இருப்பதுபோலத் தெரிந்தும் உள்ளே யாருக்கு இடம் என்பது தனிக் கதை.

நீதிமன்றம் என்ன சொன்னது?

பூர்வகுடிச் செயற்பாட்டாளர் சூசன் ஹார்ஜோவும் ஆறு பேரும் 1992இல் வாஷிங்டன் அணியின் வணிகக் குறியை ரத்துசெய்யக் கேட்டார்கள். 1999இல் ஜெயித்தார்கள், 2003இல் மேல்முறையீட்டில் தோற்றார்கள், 2009இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. அமாண்டா பிளாக்ஹார்ஸ் என்ற நவாஹோ பெண் தலைமையில் இளையவர்கள் மறுபடி தொடங்கி 2014இல் ஆறு வணிகக் குறிகளை ரத்துசெய்ய வைத்தார்கள். அதுவும் நிலைக்கவில்லை. 'தி ஸ்லான்ட்ஸ்' என்ற ஆசிய அமெரிக்க இசைக்குழு தன் பெயரைப் பதிவுசெய்ய நடத்திய வழக்கில், இழிவான பெயர்களைப் பதிவுசெய்ய மறுக்கும் சட்டப் பிரிவே பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆசியர்களைக் கேலிசெய்யும் சொல்லைத் தாங்களே எடுத்துக்கொண்ட அந்தக் குழுவின் வெற்றி, இவர்களுக்குத் தோல்வியாக முடிந்தது. சட்டத்தால் இதைத் தீர்க்க முடியாது என்பதை அது நிச்சயமாக்கியது.

அப்புறம் எப்படித்தான் மாறியது?

பணத்தால். பெயரை ஒருக்காலும் மாற்ற மாட்டேன் என்று 2013இல் அடித்துச் சொன்னார் ஸ்னைடர். 2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பிறகு நாடு முழுக்க எழுந்த போராட்டத்தில் பழைய சிலைகளும் பெயர்களும் கேள்விக்கு வந்தன. ஜூனில் அணியின் பழைய மைதான வாசலில் இருந்த மார்ஷல் சிலையை எடுத்தார்கள். ஜூலை முதல் வாரம், மைதானத்துக்குப் பெயர் வைக்கும் உரிமையை 20.5 கோடி டாலருக்கு வாங்கியிருந்த ஃபெடெக்ஸ் நிறுவனம் பெயரை மாற்றச் சொன்னது. நைக்கி தன் இணையக் கடையிலிருந்து அணியின் உடைகளை எடுத்தது. ஜூலை 13இல் பெயர் போய்விட்டது. பூர்வகுடிப் பெண்கள் கால் நூற்றாண்டு நீதிமன்றப் படியேறியும் கேட்காத காது, ஸ்பான்சர் சொன்னதும் கேட்டது. ஆனால் அந்தப் பெண்கள் அத்தனை வருடம் பேசியிருக்காவிட்டால் ஸ்பான்சருக்கு இது ஒரு பிரச்சினை என்றே தெரிந்திருக்காது. 2022 பிப்ரவரியில் 'கமாண்டர்ஸ்' என்ற பெயர் வந்தது.

மற்ற அணிகள்?

கிளீவ்லேண்ட் 2018உடன் சீஃப் வாகூவைச் சட்டையிலிருந்து எடுத்தது. 2022 பருவம் முதல் 'கார்டியன்ஸ்'. கனடாவின் எட்மன்டன் அணி, இனூயிட் மக்கள் பலர் வெறுக்கும் 'எஸ்கிமோஸ்' பெயரை 2020இல் விட்டு, 2021இல் 'எல்க்ஸ்' ஆனது. சிகாகோ பிளாக்ஹாக்ஸ், கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் மாறவில்லை.

அட்லாண்டா பிரேவ்ஸும் மாறவில்லை. அங்கே பெயரைவிட, ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து கையைக் கோடரிபோல வெட்டி ராகம் பாடும் 'டோமஹாக் சாப்'தான் உறுத்துகிறது. 2019இல் எதிரணிக்கு ஆடிய செரோக்கி பந்துவீச்சாளர் ரயன் ஹெல்ஸ்லி, அது தன் மக்களைக் காட்டுமிராண்டிகளாகக் காட்டுகிறது என்று வெளிப்படையாக வருந்தினார். அந்தத் தொடரின் கடைசி ஆட்டத்தில் நிர்வாகம் ஸ்பாஞ்சுக் கோடரிகளை விநியோகிக்கவில்லை. பிறகு மறுபடியும் ராகம் தொடங்கிவிட்டது. அருகிலுள்ள கிழக்குச் செரோக்கி மக்களோடு நல்லுறவு இருக்கிறது என்பது அணியின் பதில். தேசியப் பேரவை அதை ஏற்கவில்லை.

பூர்வகுடிகளுக்கு வறுமை, தண்ணீர், மருத்துவம் என்று பெரிய பிரச்சினைகள் இருக்கும்போது பெயருக்குச் சண்டை போடுவது வீண் இல்லையா?

தண்ணீருக்காகவும் நிலத்துக்காகவும் போராடுகிற அதே ஆட்கள்தான் இதற்கும் போராடுகிறார்கள். சூசன் ஹார்ஜோ 1978இன் பூர்வகுடி மதச் சுதந்திரச் சட்டத்துக்காக உழைத்தவர். புனிதத் தலங்களை மீட்கவும், அருங்காட்சியகங்களில் கிடந்த முன்னோர் எலும்புகளைத் திரும்பப் பெறவும் போராடியவர். ஒரு மக்களைப் பொம்மையாகப் பார்த்துப் பழகிய நாடாளுமன்றம், அவர்கள் தண்ணீர் கேட்டு வரும்போது மட்டும் மனிதராகப் பார்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இரண்டும் ஒரே போராட்டம்.

என்னிடம் பழைய ரெட்ஸ்கின்ஸ் ஜெர்சி இருக்கிறது. மைதானத்துக்குப் போட்டுக்கொண்டு போகலாமா?

பழைய ஜெர்சியோடு வருபவர்களை இன்றும் நிறையவே பார்க்கலாம். ஆனால் இறகுக் கிரீடத்துக்கும் முகப்பூச்சுக்கும் கன்சாஸ் சிட்டி 2020இலும், வாஷிங்டன் 2021இலும் மைதானத்தில் தடை போட்டுவிட்டன. என்னைக் கேட்டால் ஜெர்சியையும் பெட்டியில் மடித்து வைத்துவிடுங்கள். ஆட்டக்காரர்மேல் இருக்கும் பிரியத்துக்காகத்தான் வேண்டுமென்றால் அவர் பெயரும் எண்ணும் போட்ட புதியது வாங்கிக்கொள்ளலாம். பூர்வகுடிக் கைவேலை மணியோ துணியோ பிடித்திருந்தால், அவர்களே செய்து அவர்களே விற்கும் இடத்தில் வாங்குங்கள். பூர்வகுடி செய்தது என்று பொய்சொல்லி விற்பதை 1990ஆம் வருடத்துக் கைவினைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது, ஆகவே யார் செய்தது என்று தயங்காமல் கேட்கலாம்.